புக்கு லிஸ்ட் போடுற சார் மேடம்களுக்கு, காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடையில இருந்து ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க.

தமிழ்நாட்டு யுனிவர்சிட்டிலயும் ஆட்டானமஸ் காலேஜ்லயும் போர்டு ஆஃப் ஸ்டடீஸ்னு உக்காந்து எந்த பேப்பருக்கு எந்த புக்குன்னு முடிவு பண்றீங்க இல்லியா, உங்க எல்லாருக்கும்தான் இது. உங்கள்ல ஒருத்தரையும் எனக்கு நேர்ல தெரியாது. ஆனா ஒவ்வொரு பேப்பருக்கும் அடியில டெக்ஸ்ட் புக்ஸ்னு ரெண்டு வரி, ரெஃபரன்ஸ்னு நாலஞ்சு வரி போடுறீங்க பாருங்க, அந்த ஆறேழு வரிலதான் எங்க வீட்டு உலை கொதிக்குது. திண்டுக்கல் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் கேட்டுக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். ரெண்டு மிஷின், ஒரு ஸ்பைரல் பைண்டிங், ஒரு லேமினேஷன், பரண் நிறைய மாஸ்டர் காப்பி. அண்ணா யுனிவர்சிட்டில 2008 ரெகுலேஷன், அதாவது அந்த வருஷத்து பாடத்திட்டம், ஓடிக்கிட்டிருந்தப்ப கடை போட்டேன், அப்புறம் 2013, 2017, 2021னு மூணு தடவ மாறுச்சு, மூணு தடவையும் பரண காலி பண்ணி பழைய பேப்பர்காரர்கிட்ட எடைக்கு போட்டேன். நீங்க மீட்டிங்ல ஒரு வரிய மாத்துனா இங்க ஒரு மூட்டை போகும்.

இப்ப நான் கேக்கப்போறத படிச்சா எங்க வீட்டம்மா திட்டும், உன் பொழப்புல நீயே மண்ண அள்ளிப்போட்டுக்கிறியான்னு. பரவால்ல, கேட்டுர்றேன். ஒவ்வொரு பேப்பருக்கும் டெக்ஸ்ட் புக்ஸ்ங்கிற தலைப்புக்கு கீழ மொத வரியா, காசில்லாம கிடைக்கிற, யார் வேணா பிரிண்ட் போட்டுக்கலாம்னு எழுதினவங்களே எழுதிக் குடுத்திருக்கிற புக்கு ஒண்ணு இருக்கணும். அப்படி ஒண்ணு இல்லாத பேப்பருக்கு எழுத வைங்க.

போன செமஸ்டர்ல ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு வந்துச்சு. கைல லைப்ரரி புக்கு, தடி புக்கு, மேத்ஸ். பின் அட்டைய பாத்தேன், விலை 900 கிட்ட. சாயங்காலத்துக்குள்ள திருப்பி வைக்கணும்னுச்சு. 212ம் பக்கத்துல இருந்து 260 வரைக்கும் போடுங்கண்ணேன்னு சொல்லிட்டு, மிஷின தொறக்குறதுக்குள்ள, அண்ணே ஒரு நிமிஷம்னு புக்க வாங்கி ஒவ்வொரு பக்கமா புரட்டி சின்னச்சின்ன பேப்பர் துண்டா கிழிச்சு சொருகிக்கிட்டே இருந்துச்சு. என்னம்மான்னு கேட்டா, இந்த துண்டு வச்ச பக்கம் எல்லாம் எக்சர்சைஸ்ணே, இத விட்ருங்கன்னுச்சு. எண்ணிப்பாத்தேன், 11 பக்கம். 11 ரூவா. கணக்கு புக்குல கணக்க விட்டுட்டு மிச்சத்த எடுத்துட்டு போகுது அந்த புள்ள. நான் அந்த 11 பக்கத்தையும் சேத்து போட்டு குடுத்தேன், ஆனா நாளைக்கு வர்ற எல்லாருக்கும் அப்படி போட்டா கரண்ட் பில்ல யாரு கட்டுறது.

அது கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்ச பொண்ணு, புதுமைப்பெண் பணம் மாசம் 1000 வருது. 2022 செப்டம்பர்ல அந்த திட்டம் வந்ததுக்கு அப்புறம், 2024 ஆகஸ்ட்ல பசங்களுக்கும் தமிழ்ப்புதல்வன்னு வந்ததுக்கு அப்புறம், அந்த காசு ஏறுற வாரம் என் கடைல கூட்டம் ஜாஸ்தி. பஸ்ஸுக்கு, போன் ரீசார்ஜுக்கு, மிச்சம் எனக்கு. அரசாங்கம் ஒரு கையால குடுக்குறத புக்கு லிஸ்ட்டு இன்னொரு கையால வாங்கிக்குது, நடுவுல நான் டோனர் போட்டுக்கிட்டு நிக்கிறேன். இந்த புள்ளைங்களுக்கு பன்னெண்டாவது வரைக்கும் பாட புக்குக்கு விலைன்னு ஒண்ணு இருக்குறதே தெரியாது, ஸ்கூல் தொறந்ததும் கைல குடுத்துர்றாங்க. தொலைஞ்சு போனாக்கூட பிடிஎஃப் இருக்கு. டிஎன்பிஎஸ்சிக்கு படிக்கிறவங்க ஆறாம் வகுப்புல இருந்து பன்னெண்டு வரைக்கும் அந்த பிடிஎஃப்ப பென்டிரைவ்ல கொண்டாந்து கட்டுக்கட்டா பிரிண்ட் எடுப்பாங்க. அதாவது பரீட்சைக்கு படிக்கிற மொத்த தமிழ்நாடும் அரசாங்கம் போட்ட புக்கதான் நம்புது. காலேஜ் கேட்ட தாண்டுனதும் அது அப்படியே நின்னுபோகுது, ஏன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.

நீங்க லிஸ்ட்ல போடுற புக்க யாராவது வாங்குறாங்கன்னு நெனச்சீங்கன்னா தயவுசெஞ்சு ஒரு நாள் என் கடைல வந்து உக்காருங்க, டீ நான் வாங்கித்தர்றேன். ஒரு கிளாஸ்ல 60 பேர்னா ரெண்டு மூணு பேர் வாங்குவாங்க. மிச்ச பேர் லோக்கல் ஆத்தர் புக்கு, இல்லன்னா சீனியர் நோட்ஸ், இல்லன்னா டூ மார்க் கொஸ்டின் பேங்க், இல்லன்னா டெலிகிராம்ல யாரோ ஏத்துன பிடிஎஃப். லோக்கல் ஆத்தர்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. இந்தப் பக்கம் ஒரு காலேஜ்ல, பேர் வேணாம், ஒரு டிபார்ட்மென்ட் தலைவர் தன்னோட புக்க வாங்கி பில்ல காட்டுனாத்தான் இன்டர்னல் மார்க்குன்னு சொன்னாராம், பசங்க என்கிட்ட வந்து பில்ல ஜெராக்ஸ் எடுத்துட்டு போனாங்க. ஒரே பில்லு, முப்பது காப்பி. அவரு அத எப்படி எடுத்துக்கிட்டாருன்னு நான் கேட்டுக்கல.

டெலிகிராம் பிடிஎஃப்தான் ஃப்ரீயா இருக்கே, வேற எதுக்கு புக்குன்னு பசங்களும் கேக்குறாங்க, உங்கள்லயும் சில பேர் மனசுக்குள்ள நெனப்பீங்க. எங்களுக்கு அது ஃப்ரீ இல்லைங்க, பயம். டெல்லி கேஸ் உங்களுக்கு தெரிஞ்சிருக்கும். 2012ல ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ்னு மூணு பெரிய பப்ளிஷர் சேந்து, டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் உள்ள இருக்கிற ராமேஷ்வரி ஜெராக்ஸ் கடை மேலயும் டெல்லி யுனிவர்சிட்டி மேலயும், எங்க புக்கு பக்கங்கள ஜெராக்ஸ் எடுத்து கட்டா விக்கிறாங்கன்னு கேஸ் போட்டாங்க. அந்த கடை எவ்வளவு பெரிசா இருந்துறப்போகுது, என் கடை மாதிரி ஒரு கடைதான். ஆக்ஸ்ஃபோர்டுல புக்கு எழுதுன அமர்த்தியா சென்னே வேணாம், சட்டத்த வச்சு இத ஒரேயடியா தடுக்காதீங்கன்னு லெட்டர் எழுதினாரு. 2016 செப்டம்பர் 16ம் தேதி ஜட்ஜ் ராஜீவ் சஹாய் எண்ட்லா, காப்பிரைட் சட்டம் 52வது பிரிவுல பாடம் நடத்துறதுக்காக வாத்தியாரும் மாணவரும் காப்பி எடுக்கலாம்னு இருக்கு, அதனால இது தப்பில்லன்னு கேஸ தள்ளுபடி பண்ணாரு. அந்த தீர்ப்புல ஒரு இடத்த ஒரு வக்கீல் கஸ்டமர் எனக்கு படிச்சு காட்டினாரு. ஜட்ஜ் தான் லா படிச்ச காலத்த சொல்றாரு, லைப்ரரில மொறை வச்சு உக்காந்து பக்கம் பக்கமா கையால எழுதுவாங்களாம், அப்ப இருந்த ஜெராக்ஸ் மிஷின்ல தடி புக்க பிரிச்சுப் போடாம காப்பி எடுக்க முடியாதாம். எனக்கு அத கேட்டதும் கண்ணு கலங்கிருச்சு, சும்மா சொல்லல, புக்கு முதுகு உடைய கூடாதேன்னு மிஷின் மூடிய ஒரு கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டே அழுத்துறது எப்படின்னு எனக்குத் தெரியும்.

அதே வருஷம் டிசம்பர்ல அப்பீல்ல ரெண்டு நீதிபதி பெஞ்சு சில விஷயத்த மறுபடி விசாரிக்க சொன்னாங்க, 2017ல பப்ளிஷர்களே கேஸ வாபஸ் வாங்கிட்டாங்க. சரி, அப்ப முழு புக்கையும் போட்டு பைண்ட் பண்ணி நான் வித்தா அதுக்கும் இந்த தீர்ப்பு பாதுகாப்பு குடுக்குமான்னு அதே வக்கீல்ட்ட கேட்டேன். சிரிச்சிட்டு டீ நல்லா இருக்குன்னாரு. அதனாலதான் பரண்ல இருக்குற மாஸ்டர் காப்பிக்கு எல்லாம் அட்டை கிடையாது என் கடைல.

இந்த நெலமைலதான் ஒரு நாள் ஒரு பையன் பிசிக்ஸ் புக்கு பிடிஎஃப் ஒண்ணு கொண்டாந்தான், முழுசா போடுங்கண்ணேன்னு. ஆயிரம் பக்கத்துக்கு கிட்ட. நான் வழக்கம்போல மொத ரெண்டு பக்கத்த தூக்கிட்டு போடலாம்னு அந்த காப்பிரைட் பக்கத்த பாத்தா, அதுல கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்னு போட்டு, காப்பி எடுத்துக்கலாம், மாத்திக்கலாம், அச்சடிச்சுக்கலாம், ஆனா பேர சொல்லுங்கன்னு இருக்கு. பையன்ட்ட மூணு தடவ படிச்சு காட்ட சொன்னேன். ஓப்பன்ஸ்டாக்ஸ்னு பேரு, அமெரிக்காவுல டெக்சாஸ் ஹூஸ்டன்ல ரைஸ் யுனிவர்சிட்டிகாரங்க நடத்துறாங்க, 2012ல மொத புக்கு வந்துச்சாம். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கால்குலஸ், ஸ்டேட்டிஸ்டிக்ஸ், எகனாமிக்ஸ் எல்லாம் இருக்கு. சிலதுல வியாபாரத்துக்கு கூடாதுன்னு ஒரு நிபந்தனை உண்டு, ஆனா இந்த பிசிக்ஸ்ல அதுவும் இல்ல. இத்தன வருஷத்துல நான் அட்டைல பேரோட, பயமில்லாம, முழுசா போட்ட மொத காலேஜ் புக்கு அதுதான். அமெரிக்காகாரனுக்கு என்ன குறைன்னு கேக்காதீங்க, 2006ல இருந்து 2016க்குள்ள அங்க காலேஜ் புக்கு விலை 88 சதவீதம் ஏறுச்சுன்னு அவங்க அரசாங்க புள்ளிவிவரத் துறையே சொல்லுது, வயித்தெரிச்சல்லதான் எழுதியிருக்காங்க.

நம்மகிட்டயும் இல்லாம இல்ல. என்பிடெல்னு ஆன்லைன் வீடியோ பாடம் 2003ல ஆரம்பிச்சது, ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேந்து, நம்ம சென்னை ஐஐடிதான் முன்ன நின்னு நடத்துது. பாடம் கேக்க காசில்ல, சர்டிபிகேட் பரீட்சைக்குத்தான் ஃபீஸ். ஆனா வீடியோ வேற, புக்கு வேற, பரீட்சைக்கு மொத நாள் ராத்திரி ஒரு மணி நேர வீடியோவுல அந்த ஒரு டெரிவேஷன் எங்க இருக்குன்னு எவன் தேடுவான். இன்ஜினியரிங் காலேஜுக்கு அனுமதி குடுக்குற ஏஐசிடிஇ, ஃபர்ஸ்ட் இயருக்கும் டிப்ளமாவுக்கும் புக்கு எழுத வச்சு தமிழ் உட்பட பல மொழில போர்டல்ல சும்மா குடுக்குறாங்க. அண்ணா யுனிவர்சிட்டில 2010ல இருந்தே சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் மீடியம் இருக்கு. அந்த பசங்ககிட்ட இப்படி ஒரு புக்கு இருக்குன்னு சொன்னது யாரு தெரியுமா, நான். நீங்க சிலபஸ்ல ஒரு வரி போட்டிருந்தா வாத்தியார் சொல்லியிருப்பாரு. சில சிலபஸ்ல கடைசில வெப் ரிசோர்சஸ்னு குட்டி எழுத்துல லிங்க் போடுறீங்க, அத ஒரு ஆளும் தொறக்குறதில்ல. என் பிரிண்ட் கியூவுல அந்த லிங்க்ல இருந்து ஒண்ணுகூட வந்ததில்ல. டெக்ஸ்ட் புக்ஸ்ங்கிற தலைப்புக்கு கீழ வந்தாத்தான் வாத்தியாரும் எடுப்பாரு, கொஸ்டின் பேப்பர் செட் பண்றவரும் பாப்பாரு.

புதுசா எதையும் கேக்கல நான். 1970ல ஆரம்பிச்ச தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் அந்த காலத்துல காலேஜுக்கே தமிழ்ல பல நூறு புக்கு போட்டிருக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, வரலாறு, சைக்காலஜின்னு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்நூலகத்துல அதுல நிறைய ஸ்கேன் பண்ணி வச்சிருக்காங்க, பழுப்பேறுன பக்கம், ஆனா எழுத்து முத்து முத்தா இருக்கும். அப்ப முடிஞ்சது இப்ப முடியாதா.

சிலபஸோட அந்த வெளிநாட்டு புக்கு ஒத்துப்போகாதுன்னு சொல்வீங்க, வாஸ்தவம். ஆனா மாத்திக்கலாம்னு லைசென்ஸ்லயே இருக்கே. யூனிட் ஒண்ணுக்கு இந்த புக்குல மூணாவது சாப்டர், யூனிட் ரெண்டுக்கு அந்த புக்குல ஏழாவது, நடுவுல நம்ம வாத்தியார் எழுதுன பத்து பக்கம்னு தைச்சுக்கலாம். அவன் 120 வோல்ட்டு 60 ஹெர்ட்ஸ்னு போட்டிருந்தா நம்ம 230 வோல்ட்டு 50 ஹெர்ட்ஸ்னு கணக்க மாத்திக்கலாம். மொத்தத்தையும் ஒரே வருஷத்துல பண்ண வேணாம், ஃபர்ஸ்ட் இயர் மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பேசிக் எலக்ட்ரிக்கல் மட்டும் எடுங்க. எல்லா பிராஞ்சுக்கும் பொது, கூட்டமும் அங்கதான் ஜாஸ்தி.

வாத்தியாருங்க ஓசில எழுதணும்னு நான் சொல்லல. பணம் குடுங்க, பிரமோஷனுக்கு அத சேத்துக்கோங்க. எங்க கடைல ஒரு நோட்ஸ் இருக்கு, கையெழுத்து நோட்ஸ், தெர்மோடைனமிக்ஸ். படம் எல்லாம் ஸ்கேல் வச்சு போட்டது, கஷ்டமான இடத்துல ஓரமா "இங்க தப்பு பண்ணுவீங்க, நில்லுங்க"ன்னு எழுதியிருக்கும். கடை போட்ட புதுசுல ஒரு பையன் கொண்டாந்தது, இப்ப மூணு காலேஜ் பசங்க வந்து கேக்குறாங்க. ஒரிஜினல் என்கிட்ட இல்ல, காப்பியோட காப்பியோட காப்பி. மேல ஓரத்துல அத எழுதுனவர் பேரு இருந்துச்சு, ஒவ்வொரு தடவ காப்பி எடுக்குறப்பவும் மார்ஜின் கொஞ்சம் கொஞ்சமா வெட்டுப்பட்டு இப்ப ஒரு எழுத்தோட பாதி கால் மட்டும் தெரியுது. அந்த நோட்ஸ்ல நான் எவ்வளவு சம்பாதிச்சிருப்பேன்னு கணக்கு பாக்க கூச்சமா இருக்கு, அவருக்கு ஒத்த ரூவா போகல. பேர மட்டும் போடுன்னுதானே அந்த லைசென்ஸ் கேக்குது, நாங்க அதக்கூட செய்யல அந்த மனுசனுக்கு.

அப்புறம் சின்ன விஷயம் ரெண்டு. பிடிஎஃப் போடுறப்ப கோணலா ஸ்கேன் பண்ணி போடாதீங்க, பசங்க பாதி பேர் ஆறு இஞ்ச் போன்லதான் படிக்கிறாங்க, போனுக்குன்னு தனியா ஒரு பைல் குடுங்க. கலர் படத்த கறுப்பு வெள்ளைல போட்டா கோடு எல்லாம் ஒண்ணா தெரியும், கிராஃப்ல ஒண்ண நேர்கோடாவும் ஒண்ண விட்டுவிட்டும் போட சொல்லுங்க.

என் பொழப்ப பத்தி கவலைப்படாதீங்க, பிரிண்ட் எப்படியும் எடுப்பாங்க, பேப்பர்ல படிச்சாத்தான் மண்டைல ஏறும்னு இந்த தலைமுறையும் சொல்லுது. நீங்க புக்கு போட்டீங்கன்னா மொத வருஷம் எங்க காலேஜ் பசங்களுக்கு பேப்பர் காசுக்கே போட்டுத்தர்றேன், பைண்டிங் மட்டும் தனி. ஒண்ணே ஒண்ணு, அந்த லைசென்ஸ் வரிய அட்டைக்கு அடுத்த பக்கத்துல தமிழ்ல பெரிய எழுத்துல போட்டு யுனிவர்சிட்டி சீலும் வைங்க. யாராவது கடைக்கு வந்து இது யாரக் கேட்டு போட்டேன்னு கேட்டா, எடுத்துக் காட்ட எங்ககிட்ட ஒரு பக்கம் வேணும்.

இப்படிக்கு,
காலேஜ் கேட்டுக்கு எதிர் ஜெராக்ஸ் கடைக்காரன்