319 என்ற எண்ணும் சிப்ஸ் கடை எண்ணெயும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாக்கெட் தின்பண்டங்களில் 319 என்ற எண்ணைக் கண்டால் வாங்கவே கூடாது, அது பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் விஷம் என்று தங்கள் இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு விற்கும் தொழிலில் இருப்பவன் நான். அவருடைய அச்சம் முழுவதும் ஆதாரமற்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் எண்ணெயில் உண்மையாகவே கெடுதல் நேரும் இடத்தை அக்கடிதம் தொடவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

319 என்பது டி.பி.எச்.கியூ. (டெர்ஷியரி பியூட்டைல் ஹைட்ரோகுவினோன்) என்ற செயற்கை ஆக்சிஜனேற்றத் தடுப்பான். 320, 321 என்ற எண்களைக் கொண்டவையும் அதே வகையைச் சேர்ந்தவை. எண்ணெயின் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களிலிருந்து சூட்டாலோ வெளிச்சத்தாலோ ஒரு ஹைட்ரஜன் அணு பிரிந்துவிட்டால், அந்த மூலக்கூறு காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு, பக்கத்து மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கும். அது அதற்கடுத்ததிலிருந்து பறிக்கும். இப்படித் தொடர்ந்து உருவாகும் பெராக்சைடுகள் உடையும்போது வெளிவரும் ஆல்டிஹைடுகளைத்தான் நாம் சிக்கு வாடை என்று உணர்கிறோம். தடுப்பான் தன்னிடமுள்ள ஹைட்ரஜனைத் தானே கொடுத்து அந்தச் சங்கிலியை அறுக்கிறது. பூஞ்சையைத் தடுப்பதற்காக இதைச் சேர்ப்பதில்லை. ஏற்கெனவே கெட்ட எண்ணெயை இதனால் மீட்கவும் முடியாது. கெடுதல் தொடங்கும் நாளைத் தள்ளிப்போடுவது மட்டுமே இதன் வேலை.

பெயரில் 'பியூட்டைல்' இருப்பதால் இது லைட்டரில் உள்ள பியூட்டேன் வாயுதான் என்று சொல்வது, குளோரின் இருப்பதால் சமையல் உப்பை நச்சுவாயு என்று சொல்வதற்கு ஒப்பாகும். 321-ஐ ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் மின்மாற்றி எண்ணெயிலும் சேர்க்கிறார்கள் என்பது உண்மை. ஆய்வகத்தில் ஈத்தரில் வெடிக்கக்கூடிய பெராக்சைடு சேராமலிருக்கவும், இரத்த மாதிரியிலுள்ள கொழுப்பு சோதனைக்கு முன்பே ஆக்சிஜனேற்றம் அடையாமலிருக்கவும் அதே பொருளைத்தான் சேர்க்கிறார்கள். எங்கெல்லாம் பயன்படுகிறது என்பதைக் கொண்டு உணவில் அதன் தீங்கை முடிவுசெய்ய இயலாது. உடலுக்குள் எவ்வளவு போகிறது என்பதே கேள்வி.

உயிரியல் சோதனைகள் சொல்வதும் இதையே. 1980-களில் ஜப்பானில், 320-ஐ மிக அதிக அளவில் உண்ட எலிகளின் முன்னிரைப்பையில் கட்டிகள் தோன்றின. மனிதருக்கு அந்த உறுப்பு இல்லை. ஆயினும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 320-ஐ மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம் என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. 321 அதிக அளவில் சுண்டெலிகளின் நுரையீரலைப் பாதித்தது. எலிகளில் வைட்டமின் கே-யின் செயலைக் குலைத்து இரத்தக்கசிவை உண்டாக்கியது. அதே 320, புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களைக் கொடுப்பதற்கு முன் உணவில் சேர்க்கப்பட்டபோது சுண்டெலிகளைக் காத்ததாகவும் ஆய்வுகள் உண்டு. உயிரணுக்களின் தற்காப்பு மரபணுக்களை முடுக்கிவிட ஆய்வகங்கள் இன்றும் 319-ஐப் பயன்படுத்துகின்றன. ஒரு பொருளை முழு நஞ்சு என்றோ முழு நன்மை என்றோ சொல்லிவிட இடமில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ எண்ணெயில் 200 மில்லிகிராம் என்பது அமெரிக்கா உட்படப் பல நாடுகளில் உள்ள உச்சவரம்பு. 100 கிராம் சிப்ஸில் ஏறத்தாழ 35 கிராம் எண்ணெய் இருக்கும். சேர்த்தது அத்தனையும் அப்படியே தங்கியது என்று வைத்துக்கொண்டாலும் 7 மில்லிகிராம்தான். உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 319-க்கு விதித்த வரம்பு, நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.7 மில்லிகிராம், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்கு 42. பெரியவர்கள் பயப்பட இதில் ஒன்றுமில்லை. ஆனால் 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வரம்பு 10.5 மில்லிகிராம் மட்டுமே. ஒரே பாக்கெட்டில் அதில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். 321-க்கு வரம்பு கிலோவுக்கு 0.3 என்பதால், அதுவும் இதே அளவில் சேர்ந்திருந்தால் அக்குழந்தை வரம்பையே தாண்டிவிடும். அவ்வாசகர் பிள்ளைகளை மட்டும் குறித்து எழுதியிருந்தால் நான் முழு மனதோடு உடன்பட்டிருப்பேன்.

இனி, அவர் தொடாத இடம். சிப்ஸ் போடும்போது காய் பாதி வெந்ததும் மஞ்சளும் உப்பும் கரைத்த நீரைக் கொதிக்கும் எண்ணெயிலேயே தெளிப்போம். எண்ணெய் பொங்கி அடங்கும். அந்தத் தண்ணீர் கொழுப்பைப் பிளந்து தனிக் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகிறது, அந்த நீராவியோடு தடுப்பானும் ஓரளவு ஆவியாகிப் போகிறது. தண்ணீரால் வரும் இந்தக் கெடுதலை 319 தடுக்காது. வெண்கல உருளியில் பொரிப்பவர்களும் இங்கே உண்டு. வெண்கலத்திலுள்ள செம்பு ஆக்சிஜனேற்றத்தை விரைவுபடுத்தும். எண்ணெய் ஆலைகள் 319-உடன் சிட்ரிக் அமிலத்தையும் சேர்ப்பது அத்தகைய உலோகத் துகள்களைப் பிணைத்துவைக்கத்தான். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு என்பதால் அது தடுப்பான் இல்லாமலே ஆக்சிஜனைத் தாங்கும். நல்லெண்ணெய்க்கு அதிலேயே உள்ள செசமால் என்ற இயற்கைத் தடுப்பானே காவல். விலை குறைவு என்பதற்காகச் சூரியகாந்தி எண்ணெயையும் பாமாயிலையும் திரும்பத் திரும்பக் காய்ச்சும் கடையில், டின்னின் மேல் அச்சிட்ட 319 மூன்றாம் நாளில் யாரையும் காப்பாற்றப் போவதில்லை.

எண்ணெயில் முனைவுச் சேர்மங்கள், அதாவது காய்ச்சக் காய்ச்ச எண்ணெய் சிதைந்து சேரும் பொருள்கள், 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்து, அது 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. பாக்கெட்டில் அடைத்து விற்பவர் தடுப்பானின் எண்ணை அச்சிடுகிறார். அவரை நாம் சந்தேகிக்கிறோம். கண்ணாடி அலமாரியில், வெயில் படும்படி, உதிரியாக நிறுத்து விற்பதை வீட்டுப் பண்டம் என்று நம்பி வாங்குகிறோம். அது எந்த எண்ணெயில், என்றைக்குப் பொரித்தது என்று ஒரு வரிகூட அங்கே இருப்பதில்லை. எங்கள் தமிழ்நாடு-கேரள எல்லைப் பகுதியில் நிலைமை இன்னும் சிக்கல். வேலந்தாவளத்துக்கும் கோபாலபுரத்துக்கும் அப்பால் பொரித்தது இப்பால் விற்கிறது, இங்கே பொரித்தது அங்கே போகிறது. இதில் யார் சோதிப்பது என்ற கேள்விக்கு விடை கிடைப்பதில்லை.

உதிரியாக விற்கும் இனிப்புகளுக்கு, எந்த நாளுக்குள் உண்ண வேண்டும் என்பதைக் கடையில் எழுதிவைக்க வேண்டும் என்று 2020 அக்டோபரில் விதி வந்தது. சிப்ஸ், முறுக்கு, மிக்சர் ஆகியவற்றுக்கும் அதை விரிவுபடுத்தி, பொரித்த நாள், எண்ணெயின் பெயர், தடுப்பான் சேர்ந்திருந்தால் அதன் எண் ஆகிய மூன்றையும் பலகையில் எழுதச் செய்ய வேண்டும். கேரள எல்லைக்குள் அப்பலகை மலையாளத்தோடு தமிழிலும் இருக்க வேண்டும். இரு மாநில உணவுப் பாதுகாப்பு அலுவலர்களும் மாதம் ஒருமுறையாவது சேர்ந்து வந்து, சட்டியிலுள்ள எண்ணெயைச் சோதனைக் கருவியால் அளந்து, அந்த அளவையும் அதே பலகையில் எழுதிவிட்டுப் போகலாம். இத்தொழிலில் இருக்கும் நாங்கள் அதற்கு ஒத்துழைக்கத் தயாராக இருக்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
சிப்ஸ் தயாரிப்பாளர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.