ஒரு சொட்டு போதும்

அன்புள்ள அம்முவுக்கு,

நானும் அம்மாவும் நலம். மாடியறை ஜன்னலுக்கு ஒருவழியாகப் புதுக் கொக்கி போட்டாயிற்று.

போன தடவை பேசியபோது போட்டிக்குச் சுடுகிற பிஸ்டல் பெட்டியிலேயே இருக்கிறது என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். நானும் மேலே கேட்கவில்லை. அதற்கப்புறம் போனும் இல்லை. வேலை இருக்கும், தெரியும். நான் பெட்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அதற்குள் இருக்கும் ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் அதிலேயே கிடந்தால் ஸ்பாஞ்ச் அழுத்துகிற இடத்தில் துரு வரும். வெளியே எடுத்துத் துணியால் ஒரு துடை துடைத்து வை. துணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

முதலில் தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்று. தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார், விரலாலும் தடவிப் பார். எனக்கே பாடமா என்று முகம் சுளிப்பாய். சுளித்துக்கொள். பயிற்சியில் பெரியவர்களே மறந்து நின்றபோது சேம்பர் காலி என்று காட்டச் செருகும் சேஃப்டி ஃப்ளாகை எடுத்து நீட்டிய பெண் நீ. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை உன்னிடம் சொன்னதேயில்லை.

உன் பிஸ்டலுக்குப் போடும் பாயிண்ட் டூ டூ அளவுத் தோட்டாவில் ஈயக் குண்டின் மேல் மெழுகு பூசியிருக்கும். சுடச் சுட மெழுகும் கரியும் ஈயத்தூளும் குழைந்து களிம்பாகிவிடும். ஆளாளுக்குக் குழலைத்தான் தேய்க்கிறார்கள். களிம்பு அப்புவதெல்லாம் தோட்டாவைப் பின்னாலிருந்து அணைக்கும் போல்ட் முகத்திலும், சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியிலும், சேம்பர் வாயிலும். பல்குத்தும் குச்சியைக் கொக்கிக்கு அடியில் விட்டு மெதுவாக இழுத்தால் கறுப்பாகச் சுருண்டு வருமே, நீ சின்ன வயதில் அதைப் பார்த்து "புழு" என்பாய். அதை எடுக்காமல் விட்டால் காலிக்கூடு வெளியே வராமல் மாட்டிக்கொள்ளும். சேம்பர் வாயில் வளையமாகப் படிந்தால் தோட்டா முழுதாக உட்காராது. தோட்டாவைக் கொத்தி வெடிக்கவைக்கும் ஊசியின் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், வெடிக்காது.

குழலைத் துடைத்தால் பின்பக்கமிருந்து துடை. முடியாத துப்பாக்கி என்றால் கயிறு போதும், கம்பி வேண்டாம். குண்டு கடைசியாகத் தொட்டுப் போவது குழல்வாயின் விளிம்பை. அதில் கீறல் விழுந்தால் நீ எவ்வளவு நன்றாகப் பிடித்தும் பலனில்லை. துடைத்தபின் முதல் சில குண்டுகள் கொஞ்சம் அங்கே இங்கே போகும், பயப்படாதே. வெறும் சேம்பரில் ட்ரிக்கரை இழுக்காதே, ஊசி சேம்பர் விளிம்பைக் கொத்திவிடும். உன்னுடையதில் தோட்டா இல்லாமல் ட்ரிக்கர் பழக டிரை ஃபயர் வசதி இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு பழகு. பழகுகிறாயா?

முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. ஈயம் அது. அதற்குமுன் வாயில் எதையும் வைக்காதே.

எண்ணெயை மட்டும் அதிகம் விடாதே. மேகசினுக்குள் வேண்டவே வேண்டாம். போல்ட் ஓடும் தடத்தில் ஒரு சொட்டு, விரலால் இழுத்துப் பரப்பிவிடு. ஊசி ஓடும் துவாரத்தில் ஒரு சொட்டுகூட வேண்டாம்.

எத்தனை தடவை எண்ணெய், எண்ணெய் என்கிறேன் என்று நீ எண்ணியிருப்பாய். இதை ஒரு தடவையாவது நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் போட்டிக்கு முந்தின இரவு, நீ தூங்கினபின் பெட்டியைத் திறந்தவன் நான். நீ ஏற்கெனவே துடைத்து வைத்திருந்தாய். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. ஊசித் துவாரத்தில் எண்ணெய் விட்டேன். போதாது என்று இன்னும் கொஞ்சம் விட்டேன். பழைய கரியும் எண்ணெயும் சேர்ந்து ஊசியை மந்தமாக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் ரேபிட் சுற்று. இலக்கு 3 வினாடி முகம் காட்டும், 7 வினாடி மறையும். நீ கையை உயர்த்தினாய், ட்ரிக்கரை இழுத்தாய், டிக் என்ற சத்தம் மட்டும். இடது கையைத் தூக்கிக்கொண்டு குழலை இலக்குப் பக்கமே வைத்து அசையாமல் நின்றாய். முதல் தடவைக்கு மறுபடி சுட விட்டார்கள். இரண்டாவது தடவைக்கு விடவில்லை. நடுவர் அந்தத் தோட்டாவை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். விளிம்பில் ஆழமாகப் பதிந்திருக்க வேண்டிய இடத்தில் நகக்குறிபோல லேசான ஒரு தடம். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

துப்பாக்கியைக் கவனிக்காத பெண் என்று கோச் எல்லார் முன்னாலும் உன்னைத் திட்டினார். பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. வண்டியில் வரும்போது நீ அழுதாய், "இனிமேல் கவனமாக இரு" என்று வேறு சொன்னேன்.

அன்றிலிருந்து நீ சுடப் போவது குறைந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நீ சொல்லலாம். அம்மாவுக்கும் இது தெரியாது. நீ சொல்வதானால் சொல்லிக்கொள்.

பெரிய கடிதம் எழுத உனக்கு நேரமிருக்காது. குழலில் ஒரு வெள்ளைத் துணியை விட்டு எடு. சுட்ட குழல் என்றால் கறுப்பாக வரும். சும்மா கிடந்து துரு ஏறியிருந்தால் செம்பழுப்பாக வரும். என்ன நிறத்தில் வந்தது என்று மட்டும் எழுது.

அப்பா