விரட்டிய இடத்திலேயே உட்கார்

அன்புள்ள ராஜாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டிவலி தணிந்தது நல்ல சேதி. இங்கே எல்லோரும் சுகம்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஓக் காட்டில் வான்கோழிகள் மேய்வதையும், அடுத்த ஏப்ரலில் உரிமம் எடுத்து உள்ளே போகப் போவதையும் எழுதிவிட்டு, "துப்பாக்கி வருவதற்கு முன்னால் இதை எப்படியப்பா பிடித்தார்கள், யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டிருந்தாய். சொல்லிக் கொடுத்தது தாய்க்கோழி என்பதுதான் என் பதில். அது தன் குஞ்சுகளுக்கு நடத்திய பாடத்தை மனிதன் ஒட்டுக்கேட்டான்.

நீ இருக்கும் அமெரிக்க மாநிலமான டென்னசி இந்தப் பறவையின் சொந்த ஊர். நாம் பள்ளியில் படித்த பாட்டில் மயிலைப் பார்த்துச் சிறகு விரித்த வான்கோழி இதுவேதானா என்ற சந்தேகம் எனக்கு வெகுநாளாக உண்டு. இது இந்தியாவுக்கு வந்ததே போர்ச்சுக்கீசியர் காலத்தில். 1612-இல் கோவாவிலிருந்து ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டியபோது ஜஹாங்கீர் வியந்து படம் வரையச் சொன்னார். அது இருக்கட்டும்.

கிட்டே போய் அம்பு எய்வது நடக்காத காரியம். தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய முக்கால் வட்டம் அதற்குத் தெரியும், நிறமும் தெரியும். நெருங்கினால் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், முடியாவிட்டால் அதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கும். மோப்பம் மட்டும் மட்டம். மான் வேட்டையில் போலக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து உட்கார வேண்டியதில்லை. ஆக, நாம் போவதை விட்டுவிட்டு அதை வரவழைக்க வேண்டும்.

இன்று வான்கோழி வேட்டை என்றாலே வசந்தகாலத்துச் சேவல் வேட்டையைத்தான் சொல்கிறார்கள். முதலில் கைவந்தது இலையுதிர்கால வேட்டைதான் என்பது என் எண்ணம். காரணம் சொல்கிறேன். அக்டோபரில் குஞ்சுகளுக்கு நாலைந்து மாதம் ஆகியிருக்கும். உடம்பு வளர்ந்துவிட்டது, தாயை விட்டுப் பிரியவில்லை. அந்தக் கூட்டத்துக்குள் ஒருவன் நாயோடு ஓடினால் ஒவ்வொன்றும் ஒரு திசையில் பறக்கும். அவனுக்கு ஒன்றும் கிடைக்காது. அலுத்துப்போய் அங்கேயே ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருப்பான். கால் மணி, அரை மணி கழித்து ஒரு பக்கம் "கீ-கீ-கீ" என்று மெல்லிய சீழ்க்கை கேட்கும். வழிதவறிய குஞ்சு கூப்பிடுகிறது. இன்னொரு பக்கம் மற்றொன்று பதில் சொல்லும். பிறகு தாய் "கியோக், கியோக், கியோக்" என்று நீளமாகக் கூப்பிட ஆரம்பிக்கும். எல்லாம் கலைந்த இடத்துக்கே திரும்பி வரும். அந்தக் "கீ-கீ"யை வாயால் திருப்பிச் சொல்லிப் பார்த்தவன்தான் இந்தக் கலையின் முதல் மாணவன்.

முறை இன்றும் அதேதான். நன்றாகக் கலைப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. கூட்டம் மொத்தமும் ஒரே பக்கமாகப் பறந்துவிட்டால் அங்கேயே சேர்ந்துகொள்ளும், நீ உட்கார்ந்திருப்பது வீண். நாலு திசைக்கும் சிதறினால், கலைந்த இடத்திலிருந்து பத்தடி கூட நகராமல் உட்கார். முதல் "கீ-கீ" கேட்கும்வரை வாய் திறக்காதே. அவசரப்பட்டுக் கூப்பிடுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு. தாய்க்கோழி முதலில் வந்துவிட்டால் வேறொரு பக்கமிருந்து கூப்பிட்டுக் குஞ்சுகளை உன் கையிலிருந்து பறித்துக்கொண்டு போய்விடும். அதனால் அதை எழுந்து மறுபடி விரட்டு. அந்தி வேளையில் கலைத்தால் இன்னும் நல்லது, ஒவ்வொன்றும் தனித்தனி மரத்தில் அடையும், விடியும்போது ஒன்றையொன்று தேடும். வயதான சேவல்களின் கூட்டத்தைக் கலைத்தால் மட்டும் இவ்வளவு சீக்கிரம் பலன் இல்லை. அவற்றுக்கு அரைநாளும் ஆகலாம்.

எந்தெந்த மாநிலத்தில் இலையுதிர்காலத்தில் அனுமதி, நாய் கூடுமா என்பதெல்லாம் ஆண்டுக்காண்டு மாறும். அந்த வருடத்துக் கையேட்டைப் பார்த்துக்கொள்.

வசந்தத்தில் கதை தலைகீழ். சேவல் விடியலில் மரத்திலிருந்தே முழங்கும். பெட்டைகள் அதைத் தேடிப் போகும். இதுதான் அவற்றின் வழக்கம். நீயோ பெட்டை மாதிரிக் கூப்பிட்டு, சேவலே உன்னைத் தேடி வரவேண்டும் என்கிறாய். அதனால்தான் அறுபது எழுபது தப்படி தூரம் வந்ததும் அது நின்றுவிடுகிறது. வால் விரித்து, சிறகைத் தரையில் உரசிக்கொண்டு, "நீ வா" என்று காத்திருக்கும். இங்கேதான் பலர் மேலும் மேலும் கூப்பிட்டுக் கெடுக்கிறார்கள். கூப்பிடக் கூப்பிட அதற்கு நம்பிக்கைதான் கூடும்: பெட்டை எப்படியும் வந்துவிடும் என்று. வாயை மூடு. காலால் சருகைக் கிளறு, பெட்டை மேய்வது போல. இருபது நிமிடம் பொறு. அது அடையும் மரத்துக்கு நூறு மீட்டருக்கு உள்ளே போகாதே. தோளைவிட அகலமான அடிமரமாகப் பார்த்து முதுகைச் சாய்த்துக்கொள். துப்பாக்கியை முழங்காலில் முன்கூட்டியே தாங்கி வை. பறவை வந்தபின் தூக்கினால் கண்டுவிடும். சிறுகுண்டுத் துப்பாக்கிக்கு 35 தப்படிக்கு மேல் ஆசைப்படாதே, தலையும் கழுத்தும்தான் இலக்கு. உடம்பில் பட்டால் அந்தத் தடித்த இறகுகளுக்குள் காயத்தோடு பறந்துபோய் எங்கோ கிடந்து சாகும்.

ஒன்று மறக்காதே: சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் உன் மேல் எங்கும் தெரியக்கூடாது, கைக்குட்டையில்கூட. சேவலின் தலை அந்த நிறம். பெட்டை கூப்பிடும் சத்தம் கேட்டு அதை நோக்கி ஊர்ந்து போகாதே. அங்கே உட்கார்ந்திருப்பது உன்னைப் போல இன்னொருவனாக இருக்கலாம்.

இப்போது எலும்புக்கு வருகிறேன். வாயால் கூப்பிட்டவர்கள் ஒரு கட்டத்தில் அந்தப் பறவையின் சிறகெலும்பையே குழலாக்கினார்கள். மூன்று எலும்பு போதும். பெட்டையுடையது என்றால் சுருதி உயர்வாக இருக்கும். மேற்சிறகின் ஒற்றை எலும்பு, அதற்கடுத்த இரண்டில் பருத்தது, மெலிந்தது. மெலிந்ததன் தட்டையான முனை உதட்டுக்கு. அதன் மறுமுனை பருத்ததற்குள் நுழையும், பருத்தது மேலெலும்புக்குள் நுழையும். அந்த மேலெலும்புதான் நாதஸ்வரத்தின் அணசு மாதிரிச் சத்தத்தை விரிக்கும். ஊதுவது கிடையாது. உதட்டைக் குவித்துச் சின்ன முத்தம் கொடுப்பது போல உள்ளுக்கு இழுக்க வேண்டும்.

கெடுவது மூன்று இடத்தில். எலும்பைத் தளதளவென்று கொதிக்க வைத்தால் கொழுப்பு உள்ளே ஊறி மஞ்சளாகும், பிறகு வெடிக்கும். பாத்திர சோப்புப் போட்ட நீரில் கொதி வராத சூட்டில் வை. முனைகளை மெல்லிய ரம்பத்தால் அறு, கம்பி விட்டு மஜ்ஜையைத் துடை. மேலெலும்பில் மஜ்ஜை இருக்காது, காற்றுதான். ஆனால் முனைகளுக்குப் பக்கத்தில் சிலந்திவலை போல எலும்பு இழைகள் குறுக்கே ஓடும், அவற்றைச் சுரண்டாவிட்டால் சத்தம் அடைத்துக்கொள்ளும். வெளுக்க 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். சலவை பிளீச்சிங் போட்டால் எலும்பையே அரித்துவிடும். கடைசியாக, மூட்டுகளில் நூல் சுற்றித் தேன்மெழுகு வைத்து அடை. ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் "கியோக்" வராது, வெறும் காற்றுதான் வரும்.

அதற்காக, தோண்டியெடுத்த வான்கோழி எலும்பையெல்லாம் குழல் என்று சொல்லிவிட முடியாது. உன் மாநிலத்திலேயே ஃபெர்ன்வேல் என்ற இடத்தில் ஒரு கல்லறையில் கூராக்கிய வான்கோழிக் காலெலும்புகள் கிடைத்தன. 3600 ஆண்டுகளுக்குக் குறையாத பழமை. சோதித்தால், நுனியில் சிவப்பும் கருப்புமான சாயம். பச்சை குத்தும் ஊசி! அமெரிக்காவின் தென்மேற்கில் பியூப்ளோ என்ற பழங்குடி மக்கள் இறகுக்காகவே இதை வளர்த்தார்கள். 1540-இல் அங்கே படையோடு போன ஸ்பானியர் கொரனாடோவிடம் "நாங்கள் தின்பதில்லை" என்றார்களாம். இவ்வளவு ருசியானதை யார் தின்னாமல் விடுவார்கள் என்று அவர் நம்பவில்லை.

ஐரோப்பியக் குடியேறிகளுக்கு இந்தப் பொறுமை எங்கே? அவர்கள் செய்த கூண்டைப் பறவை ஓவியர் ஆடுபன் 1831-இல் அளவோடு எழுதி வைத்திருக்கிறார். நாலைந்து அங்குலப் பருமனுள்ள மரங்களை 12, 14 அடியாக நறுக்கி, சதுரமாக ஒன்றன்மேல் ஒன்றாக 4 அடி உயரம் அடுக்கி, மேலேயும் இடைவெளி விட்டு மூட வேண்டும். ஒரு சுவருக்கு அடியில் 18 அங்குல ஆழமும் அகலமுமாகப் பள்ளம். வெளிப்பக்கம் மெல்லச் சரிந்து தரையோடு சேரும், உள்ளே சட்டென்று ஏறும். உள்ளே, சுவரை ஒட்டிப் பள்ளத்துக்கு மேல் ஓரடி அகலத்தில் குச்சிப் பாலம். நடுவிலும் பள்ளத்திலும் மக்காச்சோளம், காட்டுக்குள் ஒரு மைல் தூரம்வரைகூட அங்கொன்று இங்கொன்றாகத் தூவல். தலையைக் குனிந்து கொத்திக்கொண்டே கூட்டம் பள்ளம் வழியாக நுழையும். நுழைந்தபின் தலை நிமிர்ந்துவிடும். வெளிச்சம் வரும் மேல்பக்கத்தையும் சந்துகளையும் பார்த்தபடி சுவரோரம் சுற்றும். அந்தப் பாலம் இல்லாவிட்டால் சுற்றும்போது பள்ளத்தில் கால் இடறி வழி தெரிந்துவிடும். பாலத்தின்மேல் நடந்து நடந்து வாசலைத் தாண்டிக்கொண்டே இருக்கும். அந்த ஓரடிப் பாலத்தை யோசித்தவன் பறவையை நன்றாகத்தான் கவனித்திருக்கிறான், கோபம் வந்தாலும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

கூட்டம் கூட்டமாக இப்படிப் போனதோடு காடும் போயிற்று. கனெக்டிகட்டில் 1813-லும் மாசசூசெட்ஸில் 1851-லும் கடைசிப் பறவை. பிறகு பண்ணையில் பொரித்த குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் காட்டில் விட்டார்கள். ஒன்றும் தேறவில்லை. எதைக் கண்டு ஓடுவது, எந்தச் சத்தத்துக்கு ஒடுங்குவது, எப்போது மரமேறுவது என்பதைச் சொல்லத் தாய் இல்லை. 1950-களில் வலையைப் பீரங்கி போல வெடித்து வீசிக் காட்டுப் பறவைகளையே பிடித்து, வான்கோழி அற்றுப்போன காடுகளில் கொண்டுபோய் விட்ட பிறகுதான் பெருகின. உன் கொல்லையில் மேய்வதும் அப்படி வந்த வம்சமாக இருக்கலாம்.

ஏப்ரலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஒருநாள் விடியலில் துப்பாக்கி இல்லாமல் போய், எந்த மரத்திலிருந்து இறங்குகின்றன, இறங்கியதும் எந்தப் பக்கம் நடக்கின்றன என்று பார்த்து எழுது. ஜூனில் போனால் குஞ்சுகள் இருக்கும். முதல் இரண்டு வாரம் அவை மரமேறாது, தாயின் சிறகடியில் தரையிலேயே தூங்கும், அதனால் கால் வைக்கும் இடம் பார்த்து நட. சிறகெலும்பு கிடைத்தால் இரண்டு பக்கத்ததையும் காயவைத்து வை. ஒன்று எனக்கு.

அன்புடன்,
சேகர்