தீத்துஸ் பிராண்ட்ஸ்மா வாசிப்பு மாலைக்குத் தோள்கொடுத்த எல்லாருக்கும்

சேலம், ஏற்காடு சொந்தங்களுக்கு அன்பு வணக்கம்.

ஜூலை 27, புனித தீத்துஸ் பிராண்ட்ஸ்மாவின் திருநாளை ஒட்டி நம் பங்கு மண்டபத்தில் வைத்த வாசிப்பு மாலை நல்லபடியாக நடந்து முடிந்தது. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி ஏற்காட்டு ஐயாவுக்கு. 2022 மே 15 அன்று நம்ம தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததை எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தோம். அதே நாளில், அதே சடங்கில் புனிதரான நெதர்லாந்துக் குரு ஒருவரை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்? ஐயா கவனித்தார். அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்து, நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதி வைத்து, அந்த நோட்டை அப்படியே எங்களிடம் தூக்கிக் கொடுத்தார். அதோடு விடாமல், இந்த வயதில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, கொட்டுகிற மழையில் பஸ்ஸில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஐயா, அந்த நோட்டு இல்லையென்றால் இந்தக் கூட்டமே இல்லை.

வர முடியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தீத்துஸ் கார்மேல் சபைக் குரு, நைமேகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், பத்திரிகைகளுக்கு விடாமல் எழுதியவர். 1940 மே மாதம் ஜெர்மனி அவருடைய நாட்டைப் பிடித்தது. அடுத்த ஆண்டு கடைசியில், நாஜிக் கட்சியின் விளம்பரங்களைக் கத்தோலிக்கப் பத்திரிகைகளும் போட்டே ஆக வேண்டும் என்று உத்தரவு வந்தது. போடக் கூடாது என்று ஆயர்கள் முடிவெடுத்தார்கள். அந்த முடிவை எடுத்துக்கொண்டு, அறுபது வயதில், நோயாளி உடம்போடு, ஊர் ஊராகப் போய்ப் பத்திரிகை ஆசிரியர்களை நேரில் பார்த்தவர் இவர்தான். தபாலில் போட்டிருந்தாலும் செய்தி போய்ச் சேர்ந்திருக்கும், ஆனால் மறுத்தால் பிழைப்பு போகும், உயிரே கூடப் போகும் என்ற நிலையில் இருப்பவனிடம் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்று நினைத்த மனுஷன். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான்.

1942 ஜனவரி 19 அன்று கைது செய்தார்கள். ஸ்கெவனிங்கன் சிறையில் தனி அறை. அங்கேதான், பிப்ரவரி மாதம், இயேசுவின் படம் ஒன்றின் முன்னால் ஒரு கவிதையை எழுதினார். நீர் பக்கத்தில் இருக்கும்போது தனிமை கசக்கவில்லை, குளிராக இருந்தாலும் என்னை இங்கேயே விட்டுவிடும் என்று போகிறது அதன் சாரம். அதைப் பார்க்காமலே சொன்ன பிளஸ் டூ பாப்பாவுக்கும், பரீட்சை நெருங்கும் நேரத்திலும் அவளைப் பாடற்குழுவோடு அனுப்பி வைத்த அவள் அம்மாவுக்கும் நன்றி. அவ்வளவு நிதானமாக, ஒரு வரியையும் விழுங்காமல் சொன்னாள்.

செவ்வாப்பேட்டை அச்சக அண்ணன் கூலி வாங்கவில்லை, காகிதக் காசு மட்டும் வாங்கினார். சிறையில் எழுதத் தாள் இல்லாமல், ஒரு புத்தகத்தின் அச்சு வரிகளுக்கு நடுவிலேயே கார்மேல் சபைப் புனிதை அவிலா தெரேசம்மாளின் வரலாற்றைத் தீத்துஸ் எழுதினார் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தால் நம் சிறு புத்தகத்தில் வரிக்கு வரி நல்ல இடம் விட்டு அடித்து வைத்திருந்தார். படிக்கிறவர்கள் தங்கள் ஜெபத்தை நடுவில் எழுதிக்கொள்ளட்டும் என்றார்.

இப்போது சிஸ்டர் அக்காவுக்கு. அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால்தான் தீத்துஸ் கடைசியாக அடைபட்டிருந்த தாஹாவ் நாஜி வதைமுகாமைப் பற்றிய பகுதியை அவரை வாசிக்கச் சொன்னோம். முதலில் தயங்கினார், அப்புறம் சரி என்றார். 1942 ஜூலை 26 அன்று தீத்துஸுக்கு விஷ ஊசி போட்டதும் ஒரு நர்ஸ்தான். அவளுக்கு அவர் தன் ஜெபமாலையைக் கொடுத்திருந்தார். எனக்கு ஜெபம் சொல்ல வராது என்றாளாம். அருள் நிறைந்த மரியே ஜெபத்தின் பின்பாதியை மட்டுமாவது சொல், பாவிகளுக்காக வேண்டிக்கொள்ளும் என்று சொன்னால் போதும் என்றாராம். இந்த இடத்தில் அக்காவால் மேலே வாசிக்க முடியவில்லை. உடனே பின் வரிசையில் இருந்த அன்பியத்துப் பாட்டிகள் யாரும் சொல்லாமலே "தூய மரியே, இறைவனின் தாயே" என்று எடுத்துக்கொடுத்தார்கள், மண்டபம் முழுக்கச் சேர்ந்துகொண்டது. அது முடிந்த பிறகு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த நர்ஸே பிற்காலத்தில் வந்து சாட்சி சொன்னதையும் சேர்த்து, கடைசி வரை வாசித்தார். அக்கா, அந்தப் பகுதியை வேறு யார் வாசித்திருந்தாலும் இப்படி இருந்திருக்காது. பாட்டிமார்களுக்கும் கோடி நன்றி.

மண்டபம் கொடுத்த பங்குத்தந்தைக்கு, மைக்செட் தம்பிக்கு, சுக்குக் காபி போட்ட மாதர் சங்கத்துக்கு, நாற்காலி அடுக்கிய பொடியன்களுக்கு எல்லாம் நன்றி.

புத்தகம் இன்னும் மிச்சம் இருக்கிறது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் உபதேசியாரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம். தாஹாவுக்கு முன் அடைபட்டிருந்த அமர்ஸ்ஃபோர்ட் முகாமில் பெரிய வெள்ளியன்று சக கைதிகளுக்குத் தீத்துஸ் ஆற்றிய உரையைப் பற்றித் தவக்காலத்தில் ஒரு மாலை வைக்கலாமா என்று இளைஞர்கள் கேட்டிருக்கிறார்கள். ஐயா நோட்டில் அதற்கும் பக்கங்கள் இருக்கின்றன. வாசிக்க விருப்பமுள்ளவர்கள் இப்போதே சொல்லுங்கள்.