வாசிப்பவர் பெயரையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நம் ஊர் மேடைகளில் யாராவது சாக்ஸபோனோ டிரம்பெட்டோ வாசித்தால் அன்று ராத்திரியே யூடியூபில் வீடியோ வந்துவிடுகிறது, சந்தோஷம்தான், ஆனால் வாசித்தவர் பெயர் இருக்காது, பாட்டு பாதியில் நின்றுவிடும், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலேயே போனைப் பிடித்து எடுத்திருப்பதால் டிரம்ஸ் இரைச்சல்தான் காதை அடைக்கும். இதைப் பார்த்து அவரை யார் கச்சேரிக்குக் கூப்பிடுவார்கள்?

அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் இசையை வாசிப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். கர்நாடக சங்கீதத்தின் கல்பனா ஸ்வரம் மாதிரி அந்த நிமிடத்தில் தோன்றுவதை வாசிப்பதுதான் அந்த இசைக்கு உயிர். பியானோக்காரர் திடீரென ஒன்றைப் போட, டிரம்ஸ்காரர் நிமிர்ந்து சிரித்துக்கொண்டே பதில் கொடுப்பது வீடியோவில்தானே தெரியும்! 2020-இல் கொரோனாவால் நியூயார்க் கிளப்புகள் மூடிக் கிடந்தபோது எம்மெட் கோஹன் என்ற பியானோ கலைஞர் அதே ஊரின் ஹார்லெம் பகுதியில் தன் வீட்டிலிருந்தே திங்கட்கிழமைகளில் நேரலை செய்தார். வீட்டு ஹால், பியானோ, பேஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். வெளிநாடுகளிலிருந்தெல்லாம் ரசிகர்கள் சேர்ந்தார்கள்.

சேலத்தில் கல்யாண பேண்டிலும் சர்ச்சிலும் அருமையாக வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வீடியோ எடுக்கும் தம்பி தங்கைகளே, பாட்டை முழுசாக எடுங்கள், தலைப்பில் கலைஞர் பெயரையும் ஊரையும் போடுங்கள், அவர் சம்மதித்தால் போன் நம்பரையும் சேருங்கள். அப்புறம், ஏற்காடு கோடை விழாவில் மாவட்ட நிர்வாகமே எல்லா மைக்குகளின் ஒலியும் வந்து சேரும் மேடை மிக்ஸரிலிருந்து ஒலியை நேரடியாகப் பதிவு செய்து, நிகழ்ச்சிகளை முழுதாக வலையேற்றி, கலைஞர்களுக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். மிக்ஸரிலிருந்து கேமராவுக்கு ஒரு வயர் இழுத்தால் போதும், பெரிய செலவில்லை.

இசை ரசிகர், சேலம்