பரணில் கிடக்கும் வீடியோ கேம் கேசட்டுக்கு லட்சங்கள் கிடைக்குமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய வீடியோ கேம் ஒன்று வெளிநாட்டில் கோடிக்கணக்கில் ஏலம் போனதாகச் செய்தி வந்தால் போதும், என் கடைக்கு வருபவர்களின் கேள்வி மாறிவிடுகிறது. மதுரையில் பழைய டிவி, ஆம்ப்ளிஃபயர், கேம் பெட்டி எல்லாம் பழுது பார்ப்பவன் நான். வழக்கமாக "இது ஓடுமா?" என்று கேட்பவர்கள், அந்தச் செய்தி வந்த வாரத்தில் "இது எவ்வளவுக்குப் போகும்?" என்று கேட்கிறார்கள். பரணிலிருந்து இறக்கிய அட்டைப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்கு ஆகுமா என்று கேட்டவர்களும் உண்டு. இன்னொரு பக்கம், பத்து வருஷம் கழித்து விற்கலாம் என்று கையில் இருக்கும் சேமிப்பைப் போட்டு ஆன்லைனில் பழைய கேம் வாங்கிக் குவிக்கும் இளைஞர்கள். இந்த இரண்டு பேருக்காகவும்தான் இதை எழுதுகிறேன். செய்தியில் விலை வருகிறது, விற்றது எது என்பது சரியாக வருவதில்லை.

2021 ஜூலையில் அமெரிக்காவில் டல்லாஸைச் சேர்ந்த ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் ஒரு 'சூப்பர் மாரியோ 64' கேம் கேசட் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது, அன்றைய மதிப்பில் பதினோரு கோடி ரூபாய்க்கு மேல். அடுத்த மாதமே ஒரு 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' 20 லட்சம் டாலருக்கு விற்றது. ஏதோ உலகில் நாலைந்து மட்டும் மிஞ்சியிருக்கும் பொருள் என்றுதான் இதைப் படிப்பவர் நினைப்பார். அப்படி இல்லை. மாரியோ 64 உலகம் முழுக்க ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற விளையாட்டு, சூப்பர் மாரியோ பிரதர்ஸ் நான்கு கோடிக்கு மேல். யாரோ விளையாடித் தேய்ந்த, அட்டைப்பெட்டி இல்லாத மாரியோ 64 கேசட்டை இன்றைக்கும் அமெரிக்காவில் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிவிடலாம். கோடி கொடுத்தவர் வாங்கியது, கடையில் இருந்தபடியே மேல் உறை கிழியாமல் இருந்த ஒரு பிரதியை. அதற்கு மார்க் போடத் தனி நிறுவனம் இருக்கிறது. அட்டைப்பெட்டிக்குப் பத்துக்கு எவ்வளவு என்று ஒரு எண், உறைக்கு ஒரு எழுத்து, இரண்டையும் போட்டுக் கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து மூடிவிடுவார்கள். அந்த மாரியோ 64 வாங்கிய மார்க் 9.8, ஏ பிளஸ் பிளஸ். அதை இனி யாரும் விளையாடப் போவதில்லை, ஏனென்றால் திறந்த நிமிஷமே விலை போய்விடும்.

அதே ஆண்டு ஏப்ரலில் 6 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போன இன்னொரு மாரியோவின் கதையையும் சொல்ல வேண்டும். 1986இல் கிறிஸ்துமஸ் பரிசாக வாங்கி மேசை டிராயரில் வைத்து, அப்படியே மறந்துபோய், 35 வருஷம் கழித்துக் கண்ணில் பட்டது. நம் ஊரில் எந்த வீட்டில் அப்படி நடந்திருக்கும்? பிள்ளை ஒரு வருஷம் கெஞ்சி, அரைப்பரீட்சை மார்க்கைக் காட்டி வாங்கிய கேசட், வீட்டுக்கு வரும் வழியிலேயே பிரிந்திருக்கும்.

சரி, அந்த 20 லட்சம் டாலர் கேம் என்ன கதை? முதலீட்டு நிறுவனம் ஒன்று 2020இல் அதை 1 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு வாங்கி, பங்குகளாகப் பிரித்துப் பொதுமக்களுக்கு விற்றிருந்தது. பதினாறே மாதத்தில் பதினான்கு மடங்கு. கொரோனா காலத்தில் வீட்டில் இருந்தவர்கள் கையில் பணமும் நேரமும் இருந்தது, விளையாட்டு வீரர் அட்டை, போகிமான் அட்டை, பழைய கேம் என்று எல்லாமே ஒரே சமயத்தில் ஏறியது. 2022இல் மார்க் போடும் நிறுவனம் ஒன்றின் மீது, விலையைச் செயற்கையாக ஏற்றிவிட்டதாகக் குற்றம் சாட்டி அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். நிறுவனம் அந்தப் புகாரை மறுத்தது. வழக்கு எப்படிப் போனாலும், அந்த உச்சகட்ட மாதங்களின் விலையை வைத்துக்கொண்டு நம் ஊர்க்காரர் கணக்குப் போடக் கூடாது என்பதுதான் என் கருத்து.

அடுத்து, நம் பரணில் இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். 90களில் வெளிநாட்டு கேம் பெட்டிக்கு இங்கே 80 சதவீத இறக்குமதி வரி. அதைச் சமாளிக்க ஜப்பானின் சேகா நிறுவனம் 1994இல் இங்குள்ள ஷா வாலஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு 'மெகா டிரைவ்' என்ற கேம் பெட்டியை இந்தியாவில் இறக்கியது, அப்படியும் விலை 18,000 ரூபாய். அன்றைக்குப் பல அரசு ஊழியர்களின் பல மாதச் சம்பளம் அது. அதனால் நடுத்தர வீடுகளுக்குள் வந்தது மீடியா, லிட்டில் மாஸ்டர் போன்ற பெட்டிகளும், பல வீடுகளில் பெயரே இல்லாத நகல் பெட்டிகளும்தான். மாரியோவை உருவாக்கிய நிண்டெண்டோ நிறுவனத்தின் பழைய எட்டு பிட் கேம் பெட்டியைப் பார்த்துச் செய்தவை. இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு துப்பாக்கி, '9999 இன் 1' என்று ஒரு மஞ்சள் கேசட். உள்ளே இருப்பது ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் கேம்கள், மீதி எல்லாம் அதையே வேறு லெவலில் தொடங்குவது. அந்த கேசட்டைத் திறந்து பார்த்தால் சிப்பின் மேல் கருப்புப் பசை ஊற்றி மூடியிருப்பார்கள். யார் செய்தது, எந்த வருஷம், எதுவும் எழுதியிருக்காது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர் லட்சம் கொடுக்க வேண்டுமானால் அசல் என்று நிரூபிக்க வேண்டும், இதில் நிரூபிக்க ஒன்றுமே இல்லை. 'கான்ட்ரா' என்ற கேமை முப்பது உயிரோடு முடித்த சந்தோஷத்துக்கு விலை இல்லை, ஆனால் அந்த கேசட்டின் விலை இன்னும் சில நூறு ரூபாய்தான்.

இந்தியாவிலிருந்து ஏதாவது விலை ஏறும் என்றால் நான் கைகாட்டுவது சோனியின் கேம் பெட்டியான பிளேஸ்டேஷன் 2இன் கடைசிக் காலத்தில் இங்கு மட்டும் வந்த டிஸ்க்குகளை. 2009இல் வந்த 'ஹனுமான்: பாய் வாரியர்' ஐதராபாத்தில் உருவானது, அதே ஆண்டு 'தேசி அட்டா' வந்தது. உலகம் முழுக்க வந்த பிளேஸ்டேஷன் 2 கேம்களை ஒன்று விடாமல் சேர்க்க நினைப்பவர் இவற்றைத் தேடித்தான் ஆக வேண்டும். வைத்திருப்பவர்கள் உறை, கையேடு, பில் எல்லாம் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அதற்காகக் கடன் வாங்கிப் பத்து பிரதி வாங்கி வைக்க வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், இந்த விலை ஒரு தலைமுறையின் நினைவை நம்பி நிற்கிறது. எட்டு வயதில் ஆசைப்பட்டதை நாற்பது வயதில் சம்பளம் வந்ததும் வாங்குகிறார்கள். அந்தத் தலைமுறைக்கு வயதான பிறகு யார் வாங்குவார்கள்? தாத்தா சேர்த்த தபால்தலை ஆல்பத்தை விற்கப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், சாதாரணத் தலைகளுக்கு எடைக்குப் போடும் விலைகூடக் கிடைப்பது கஷ்டம்.

அப்புறம், இது தங்கம் மாதிரி அப்படியே இருக்கும் பொருளும் அல்ல. பழைய போகிமான், ஜெல்டா கேசட்டுகளுக்குள் சின்ன பட்டன் பேட்டரி இருக்கிறது, அது தீர்ந்தால் சேமித்த ஆட்டம் எல்லாம் அழிந்துவிடும். டிஸ்க்கில் நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கிறது. கேம் பெட்டிக்குள் கெப்பாசிட்டர் என்ற சின்ன மின் பாகம் கசிந்து போர்டை அரித்துவிடுகிறது. நாம் எல்லோரும் வாயால் ஊதி ஊதிப் போட்ட கேசட்டுகளில், அந்த ஈரத்தால் பின்கள் பச்சை பிடித்து நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன் (ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் காது குடையும் பட்ஸும் போதும், தயவுசெய்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்). வாத்து சுடும் கேமுக்கான அந்தத் துப்பாக்கி எல்இடி டிவியில் வேலையே செய்யாது, பழைய படக்குழாய் டிவி வேண்டும். அந்த டிவியையோ பழைய இரும்புக்காரருக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு உண்மையில் வருத்தம் இதில்தான். அமெரிக்காவில் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை ஒன்று 2023இல் கணக்கெடுத்ததில், 2010க்கு முன் அங்கே வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கவே முடியாதவை என்று தெரிந்தது. அங்கேயே அந்த நிலைமை. இங்கே 90களில் பெட்டி செய்தவர், சென்னை ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் விற்றவர், தெருமுனையில் ஒரு மணி நேரம் இவ்வளவு என்று வாடகைக்கு விளையாடவிட்டவர், இவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்து எங்கேயும் பதிவில்லை. இப்போது வரும் கேம்களுக்கோ தொடக்கூட ஒன்றும் இல்லை. 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வரை 2024இல் நிறுத்தியபோது, டிஸ்க் வாங்கி வைத்திருந்தவர்களாலும் அதன் பிறகு விளையாட முடியவில்லை.

ஆகவே ஆசிரியருக்கு இரண்டு வேண்டுகோள். அடுத்த முறை ஏலச் செய்தி போடும்போது அது பிரிக்காத பெட்டி என்பதையும், திறந்த பிரதி என்ன விலை என்பதையும் அதே செய்தியில் சேர்த்துவிடுங்கள். இன்னொன்று, அந்தக் காலத்தில் கேம் பெட்டி விற்ற, வாடகைக்கு விட்ட கடைக்காரர்கள் உங்கள் வாசகர்களிலேயே நிச்சயம் இருப்பார்கள். அவர்களிடம் பழைய பில் புத்தகமோ, கேரண்டி அட்டையோ, கடைப் பலகையின் போட்டோவோ இருந்தால் வாங்கி, அரைப்பக்கமாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பழுது பார்க்கும் கடைக்காரர்,
மதுரை.