நடன வகுப்பில் சேருமுன் கேட்க வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாற்பது வயதைக் கடந்தவர்கள் உடற்பயிற்சிக்காக நடன வகுப்புகளை நாடுவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். நடனம் என்றால் சிறுபிள்ளைகளின் சமாச்சாரம் என்று ஒதுக்கிவைக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் போகாத நிலையில், அப்படியொரு கட்டுரை வந்ததே மகிழ்ச்சி. ஆயினும், எந்த நடனமானால் என்ன, உடம்பு வியர்த்தால் சரி என்ற தொனியில் அது முடிந்திருந்தது எனக்கு உடன்பாடாக இல்லை. ஹிப் ஹாப் என்ற தெரு நடனத்தையும் சல்சா என்ற ஜோடி நடனத்தையும் இடைவயதில் தொடங்கிப் பழகி வருபவள் என்ற முறையில், வகுப்பைத் தேர்ந்தெடுப்பது பற்றிச் சிலவற்றைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். முதல் கட்டணம் தீர்வதற்குள் நின்றுவிடுகிற பெரியவர்கள் பெரும்பாலும் வயதையும் மூட்டுவலியையும் காரணமாகச் சொல்கிறார்கள். நான் பார்த்தவரையில் உண்மையான காரணம், அந்த வகுப்பில் அவர்களுக்கு ஒரு பாட்டு கற்றுத் தரப்பட்டதே தவிர ஆட்டம் கற்றுத் தரப்படவில்லை என்பதுதான்.

சென்னையில் ‘ஹிப் ஹாப்’ என்று பலகை வைத்திருக்கும் வகுப்புகளில் நான் பார்த்த பலவற்றில் ஒரே நடைமுறைதான். மாஸ்டர் கண்ணாடியைப் பார்த்து முன்னால் நிற்பார்; அந்த மாதம் எல்லோர் வாயிலும் இருக்கும் ஏதேனுமொரு திரைப்பாடலில் அரை நிமிடத்தை வெட்டியெடுத்து, அதை எட்டு எட்டாகப் பிரித்து, ‘ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட்’ என்று எண்ணிக்கொண்டே அசைவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்; கடைசிப் பத்து நிமிடம் கைபேசியில் ரீல் எடுப்பதற்கு. கல்லூரி மாணவர்களுக்கு இது இயல்பாக வருகிறது, ஏனெனில் பள்ளி ஆண்டுவிழாவிலிருந்தே அவர்களுடைய உடம்பு இதற்குப் பழகியிருக்கிறது. முதன்முறையாக வந்து கடைசி வரிசையில் நிற்கும் பெரியவரோ, முன்னால் இருப்பவரின் கை போகும் திசையைப் பார்த்து முடிப்பதற்குள் கால் அடுத்த எட்டுக்குப் போயிருக்கும். மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு தாக்குப் பிடித்தால் சில பாடல்களின் துண்டுகள் அவருக்கு மனப்பாடமாகும்; உறவினர் வீட்டுக் கல்யாண வரவேற்பில் டிஜே வேறு ஏதாவது பாட்டைப் போட்டுவிட்டால், கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பந்திப் பக்கம் நகர்ந்துவிடுவார்.

இந்த நடனங்கள் பிறந்த விதத்தை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு முரணானது என்பது விளங்கும். நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520 எண்ணுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில், 1973 ஆகஸ்ட் 11 அன்று டிஜே கூல் ஹெர்க்கின் தங்கை ஏற்பாடு செய்த விருந்தைத்தான் ஹிப் ஹாப்பின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். பாட்டில் குரல் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதிக்காக ஆடுபவர்கள் காத்திருப்பதைக் கவனித்த ஹெர்க், அந்தப் பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு நீட்டினார். அந்த நீட்சியில் ஆடியவர்களிடமிருந்து வளர்ந்ததே பிரேக்கிங். மேடையும் இல்லை, ஒத்திகையும் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கான்கார்ட் சதுக்கத்தில் பிரேக்கிங் நடந்தபோதும், டிஜே எந்தப் பாட்டைப் போடுவார் என்பது போட்டியாளர்களுக்கு முன்கூட்டித் தெரியாது. ஜப்பானின் ஆமியும் கனடாவின் பில் விசார்டும் தங்கம் வென்றது காதில் விழுந்ததற்கு அந்தக் கணத்தில் ஆடித்தான். நடுவர்கள் எடைபோட்ட ஐந்து அம்சங்களில் இசையுணர்வும் தனித்தன்மையும் இருந்தன. அப்படிப்பட்ட கலையின் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, ஒரே பாட்டுக்கு ஒரே அசைவை எல்லோரும் ஒரே மாதிரி செய்யப் பழக்குவது, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், வேறொரு தொழில். அதை வேண்டுபவர்கள் தாராளமாகக் கற்றுக்கொள்ளட்டும். ஆனால், எதில் சேர்கிறோம் என்பது தெரிந்து சேர வேண்டும்.

நல்ல தொடக்க வகுப்பு பார்ப்பதற்குச் சப்பென்றுதான் இருக்கும். நான் இப்போது போகும் வகுப்பில் ஆசிரியர் முதல் வேலையாக எல்லோரையும் கண்ணாடிக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னார். நிதானமான வேகத்தில் ஒரு பாட்டை ஓடவிட்டு, தாளம் விழும்போது முழங்காலைச் சற்றே மடக்கி உடம்பைக் கீழே இறக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கு ‘பவுன்ஸ்’ என்று பெயர். ஐந்து நிமிடத்தில் சலிப்புத் தட்டும்; அதன் பிறகுதான், தோளை இறுக்கிப் பிடித்திருக்கிறோம், மூச்சை அடக்கியிருக்கிறோம், தாளத்துக்கு முன்பே முழங்காலை மடக்கிவிடுகிறோம் என்பதெல்லாம் தெரியவரும். பிறகு அதே பவுன்ஸோடு கூடத்தைச் சுற்றி நடக்க வேண்டும், எதிரே வருபவரைப் பார்த்துத் தலையசைக்க வேண்டும், ஆசிரியர் கை தட்டினால் திசை மாற வேண்டும். வகுப்பில் பாதி நேரம் இதற்கே போய்விடும். வீடியோ எடுக்க ஒன்றுமே இருக்காது. ஆனால், இப்படிச் சில வாரங்கள் போனவருக்கு, தெரியாத பாட்டு ஒலித்தாலும் உடம்பு தானாக அதற்குள் போய்விடுகிறது.

தெரு நடனம் என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு உடம்புக்கு வெவ்வேறு ஆட்டங்கள் இருக்கின்றன என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பிரேக்கிங் என்றதும் தலையை ஊன்றிச் சுழல்வதை நினைத்துப் பயந்துவிடுகிறார்கள். நின்றபடி ஆடும் ‘டாப்ராக்’ அடிகளை எந்த வயதிலும் கற்கலாம், கையைத் தரையில் ஊன்றிக் கால்களை வட்டமாக நகர்த்தும் ‘சிக்ஸ் ஸ்டெப்’பை மணிக்கட்டு தாங்கினால் மெதுவாகத் தொடங்கலாம். கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் பூகலூ சாமும் அவருடைய குழுவினரும் 1970-களில் வளர்த்த பாப்பிங், தசையை இறுக்கிச் சட்டென்று தளர்த்தும் ஆட்டம். துள்ளலும் தாவலும் குறைவு என்பதால் முழங்கால் தொல்லை உள்ளவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான், ஆனால் பொறுமை மிக வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் டான் கேம்பெல் உருவாக்கிய லாக்கிங்கில் கலகலப்பு அதிகம், கூச்சம் உள்ளவர்களின் கூச்சத்தை அது வேகமாகப் போக்கும். ஹவுஸ் என்ற மின்னணு இசைக்கு ஆடும் ஹவுஸ் ஆட்டத்துக்குக் கால்வேகமும் மூச்சும் வேண்டும். எல்லாவற்றையும் ‘வெஸ்டர்ன்’ என்ற ஒரே பெட்டியில் போட்டுத் தரும் வகுப்பில் சேருபவர், தமக்கு ஒத்துவராதது இவற்றில் எது என்பதைக்கூட அறியாமல், நடனமே ஒத்துவரவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்.

சல்சா, பச்சாட்டா போன்ற ஜோடி நடனங்களுக்கு வருவோம். இவை பழகியதும் பொது இடத்தில், முன்பின் தெரியாதவரோடு ஆடுவதற்கென்றே ஏற்பட்டவை. டொமினிக்கன் குடியரசின் பச்சாட்டாவை யுனெஸ்கோ 2019-இல் மனித குலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மூன்று அடி வைத்து நான்காவதில் ஒரு தட்டு என்ற அதன் அடிப்படை முதல் நாளிலேயே காலுக்கு வந்துவிடும். சல்சாவில் எட்டு எண்ணிக்கைக்கு ஆறே அடிகள். நான்கிலும் எட்டிலும் கால் காத்திருக்க வேண்டும், அந்தக் காத்திருப்பில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். இதிலும் ஊருக்கு ஊர் முறை உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் முறையில் முதல் எண்ணிக்கையில் அடி திசை திரும்பும். நடன ஆசிரியர் எடி டோரஸ் பரப்பிய நியூயார்க் முறையில் இரண்டாவதில் திரும்பும். கியூபா முறையில் இருவரும் ஒருவரையொருவர் சுற்றிச் சுற்றி ஆடுவார்கள். எது உயர்ந்தது என்ற விவாதத்தை ஆசிரியர்களிடமே விட்டுவிட்டு, நம் ஊரில் வாரஇறுதியில் சல்சா ஆடக் கூடுகிறவர்கள் எந்த முறையில் ஆடுகிறார்கள் என்று பார்த்து அதைக் கற்பதே புதியவருக்கு உசிதம். கற்ற பின் ஆட ஆள் வேண்டுமல்லவா?

பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது வேறு: தெரியாத ஆண் தொடுவாரே, என்ன செய்வது? நியாயமான கேள்வி. அதற்கு விடை வகுப்பை நடத்தும் முறையில் இருக்கிறது. நல்ல ஆசிரியர் முதல் வகுப்பிலேயே, கை முதுகில் தோள்பட்டை எலும்புக்குக் கீழே இறங்கக் கூடாது, இடைவெளியை முடிவு செய்வது இருவரில் அதிக இடைவெளி வேண்டுபவர்தான், வேண்டாம் என்று சொல்லக் காரணம் சொல்லத் தேவையில்லை என்பதையெல்லாம் அடிகளைப் போலவே ஒன்றொன்றாகக் கற்றுத் தருவார். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஜோடியை மாற்றுவது நல்ல வகுப்பின் அடையாளம். ஒருவரோடு மட்டுமே பழகினால் அவருடைய பிழைகளும் சேர்ந்து பழகிவிடும். கணவன் மனைவியாக வருபவர்கள் மாற விரும்பாவிட்டால் அதற்கும் இடம் இருக்க வேண்டும். பச்சாட்டாவிலேயே உடல் நெருக்கம் கூடிய ஒரு புதிய பாணி ஸ்பெயினிலிருந்து பரவியிருக்கிறது. தொடக்க வகுப்பிலேயே அதைத்தான் சொல்லித் தருகிறார்களா என்று சேருமுன்னரே கேட்டுக்கொள்வது நல்லது. துணை இல்லாமல் தனியாக வருவதில் தயக்கம் வேண்டாம், இந்த வகுப்புகளுக்குப் பலரும் அப்படித்தான் வருகிறார்கள். வழிநடத்தும் பங்கை ஏற்பவர் மட்டும் ஆரம்ப மாதங்களில் மனம் தளரக் கூடாது: அடியை நினைவில் வைத்து, இசையைக் கேட்டு, எதிரில் இருப்பவருக்குக் குறிப்பும் தர வேண்டியிருப்பதால், பின்தொடர்பவரைவிட அவருக்குத் தொடக்கம் கடினம்.

தரையைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். மாடியில் டைல்ஸ் ஒட்டிய கூடத்தைத்தான் நம் ஊரில் பெரும்பாலும் ஸ்டுடியோ ஆக்குகிறார்கள். அதன்மேல் ரப்பர் பாய் விரித்திருந்தால் ஹிப் ஹாப்புக்குப் பரவாயில்லை, சல்சாவுக்கு ஆபத்து. காலணி பாயில் பற்றிக்கொண்டு நிற்க, உடம்பு மட்டும் சுழலும்போது அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். சுழலும் ஆட்டத்துக்குத் தோல் அடிப்பாகம் கொண்ட காலணி போதும், நடைப்பயிற்சி ஷூ கூடாது. தங்கள் கட்டுரை நடனத்தால் மறதிநோய் வராது என்று எழுதியிருந்ததையும் சற்றுத் திருத்த வேண்டும். 2003-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்த ஆய்வு, பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதைக் கடந்த 469 பேரைத் தொடர்ந்து கவனித்தது. அடிக்கடி நடனம் ஆடியவர்களிடம் மறதிநோய் குறைவாக இருந்ததை அது கண்டது உண்மை. நடனம்தான் அதைத் தடுத்தது என்று அது நிறுவவில்லை. உடலும் மனமும் நன்றாக இருந்தவர்களே ஆடப் போயிருக்கவும் கூடும்.

மேற்கத்திய நடனங்களை மட்டுமே கட்டுரை கணக்கில் எடுத்ததும் ஒரு குறை. கூடி ஆடும் ஆட்டம் நமக்கு எந்தக் காலத்திலும் அந்நியமாக இருந்ததில்லை. கொங்கு வட்டாரத்து ஊர்களில் மாலை நேரத்தில் வள்ளி கும்மி வகுப்பு நடக்கும் மைதானத்துக்குப் போனால், பாட்டியும் பேத்தியும் ஒரே வட்டத்தில் நின்று அடி பழகுவதைப் பார்க்கலாம். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த அந்தக் கலையைப் பெண்களுக்கும் கற்றுத்தந்த கோவை பத்திரப்பன் அவர்களுக்கு 2024-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பறையாட்டத்துக்கும் ஒயிலாட்டத்துக்கும் இப்போது சென்னையிலேயே பெரியவர்களுக்கான பயிற்சிகள் நடக்கின்றன. ஜோடி நடனத்தில் கூச்சம் தீராதவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்; அண்ணா நகரில் ஞாயிறு காலையில் சாலையை அடைத்து நடத்தப்பட்ட ‘ஹேப்பி ஸ்ட்ரீட்ஸ்’ நிகழ்ச்சியில் எல்லா வயதினரும் தெருவில் இறங்கி ஆடியதைப் பார்த்தவர்களுக்கு, நம்மவர்களுக்கு ஆசை இல்லை என்ற பேச்சு எடுபடாது.

ஆகவே, தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழில் நடன வகுப்பு விளம்பரங்கள் ஏராளமாக வருகின்றன. பெரும்பாலானவற்றில் மாஸ்டரின் புகைப்படமும் கைபேசி எண்ணும் தவிர வேறு விவரம் இருப்பதில்லை. எந்த நடனம், பெரியவர்களுக்கான தொடக்கப் பிரிவு எந்தத் தேதியில் புதிதாகத் தொடங்குகிறது, இடையில் சேருபவரை ஏற்கெனவே ஆடுபவர்களோடு நிறுத்துவார்களா, பாதியில் நிற்க நேர்ந்தால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பவற்றையும் விளம்பரத்தில் சேர்க்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்ளலாம். ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார்க்கப் புதியவர்களை அனுமதிக்கும் இடங்கள் அதையும் ஒரு வரியில் குறிப்பிட்டால், அனுமதிக்காத இடத்தில் மூன்று மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டுவதா என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை.